தீவகம் போய் வந்த கால்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருமருங்கும் கடல். நடுவே நேர்கோடாய் நீளும் பாதை. ஆழமற்ற அந்தப் பரவைக் கடலில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுவோரைப் பார்த்துக்கொண்டே மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் வேலணையையும் கடந்தோம். பின்னர் இன்னொரு கடற்பாதை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, அங்குள்ள உறவினர் வீட்டில் தங்கினோம். பங்குனி மாதம், கடலோ அமைதி, வெயிலோ கடுமை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய மூன்றையும் மூன்று நாட்களில் பார்த்து வருவது என்பது எங்கள் ஏற்பாடு.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் 68 வயதான பெரியம்மா. பல ஆண்டுகளாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுத்து வருபவர். ஆயினும் நடையில் எங்களுக்கெல்லாம் முன்னே செல்பவர். தீவுகளைக் காணப் போனவர்கள் கடலையும் கோட்டையையும் பற்றி எழுதுவதே வழக்கம். நாங்கள் கால்களைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு அவரே காரணமானார்.

முதல் நாட் காலையில் குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவில் இறங்கினோம். தீவு முழுவதும் முருகைக்கல். வீட்டு வேலிகளும் வயல் வேலிகளும் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கற்களே. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை இடிபாட்டையும், பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க இயலாதோ என எண்ண வைக்கும் பெருக்கு மரத்தையும் கண்டோம். வெளிகளில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்ந்தன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை இவை என்பர். இவற்றுக்கு இலாடம் அடிப்பார் இல்லை. குளம்பு வளர்ந்துகொண்டேயிருக்க, கரடுமுரடான நிலம் அதைத் தேய்த்துக்கொண்டேயிருக்கிறது. மனிதனின் உள்ளங்காலுக்கு அத்தகைய குளம்பு இல்லை. முருகைக்கல்லின் விளிம்பு பட்டதும் எங்கள் சிறுவன் ஒருவனின் குதிக்கால் கிழிந்து இரத்தம் கசிந்தது. நல்ல நீரும் சவர்க்காரமும் இட்டுக் கழுவித் துணி சுற்றினோம். ஏற்புவலித் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டிருந்தமையால் அந்தக் கவலை இல்லை.

அத்தீவில் பாறையிற் பதிந்த பாதம்போன்ற பெரிய பள்ளம் ஒன்று உண்டு. இராட்சதன் ஒருவனின் காலடி என்பர் சிலர். அனுமானின் காலடி என்பர் வேறு சிலர். பெரியம்மா அதன் அருகே தமது சிறிய பாதத்தை வைத்துப் பார்த்து, "இந்தக் காலுக்குச் செருப்பு எங்கை வாங்கிறது?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவரது காலிலிருந்த செருப்பும் அளவில் ஒரு விரற்கடை குறுகியது என்பதை அன்று எவரும் கவனிக்கவில்லை.

இரவு புங்குடுதீவு வீட்டு முற்றத்தில் பேச்சு நீண்டது. கடற்றொழில் செய்யும் மாமா ஒருவர் தம் கணுக்காலில் இருந்த பழைய வடுவைக் காட்டினார். திருக்கை வாலின் முள் தைத்த இடம் அது. "கடலுக்கை காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தம்பி, மண்ணோடை இழுத்து இழுத்து நடக்கவேணும். சத்தம் கேட்டுத் திருக்கை விலகிப்போகும்" என்றார். அவ்விடத்தைத் தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரைமணி நேரம் வைத்திருந்தால் நஞ்சின் வேதனை தணியும் என்பதும், பின்னர் முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று வைத்தியசாலையிற் பார்க்கவேண்டும் என்பதும் இன்று மருத்துவமும் ஒப்புக்கொண்ட முறைகள். நீரின் சூட்டை அடிபடாத கையால் முதலில் சோதித்துக்கொள்ளவேண்டும். மாமாவுக்கு அந்த முள் வலித்தது. ஆகவே அவர் உடனே கரையேறினார். வலி அவருக்குச் செய்த உதவியை நாங்கள் மறுநாள்தான் உணர்ந்தோம்.

இரண்டாம் நாள் நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். கடலை நோக்கி நிற்கும் நாகபூசணி அம்மன் கோபுரம் தொலைவிலேயே கைகூப்ப வைக்கும். ஆனி மாதப் பெருந்திருவிழாக் காலத்தில் இங்கே கூடும் மக்களுக்கு அளவில்லை. நாங்கள் சென்றது திருவிழா இல்லாத நாள், கூட்டம் குறைவு. செருப்பைக் களைந்து, கால் கழுவி, ஆலயம் புகுந்தோம். தரிசனம் முடிந்து அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் உணவருந்தினோம். மணிமேகலையின் கைக்கு வந்த அட்சய பாத்திரத்தின் பெயரே அந்த மண்டபத்துக்கு இடப்பட்டிருக்கிறது.

வெளிவீதி வலம் வர நாங்கள் எழுந்தபோது உச்சி வெயில். மணலும் சீமெந்துத் தரையும் அடுப்பிலிட்ட ஓடுபோற் கொதித்தன. நாங்கள் நிழலுக்கு நிழல் தாவினோம், சிறுவர்கள் துள்ளினர். பெரியம்மா மட்டும் கூப்பிய கையுடன், நிதானமாக, அடிமேல் அடி வைத்து வலம் வந்தார். வழியில் நின்ற அடியார் ஒருவர், "பக்தி எண்டால் இதுதான்" என்று வியந்தார்.

"பெரியம்மா, கால் சுடேல்லையோ?"

"எல்லாரும் துள்ளுறியள்; எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, பிள்ளை!"

அந்த விடையை அம்மனின் அருள் என்றே நாங்களும் எடுத்துக்கொண்டோம். பின்னர் நாகதீப விகாரைக்கு நடந்து சென்றோம். இரு நாக அரசர்களுக்கிடையே மணியாசனத்துக்காக மூண்ட போரைப் புத்தர் தணித்தார் என்று மகாவம்சம் கூறும் இடமாகப் பௌத்தர் போற்றும் தலம் அது. அங்கும் செருப்பைக் களைந்தோம். அங்கும் தரை கொதித்தது. அங்கும் பெரியம்மா நிதானமாகவே நடந்தார்.

மாலையில் வீடு திரும்பி, வழமைபோல் முற்றத்தில் நின்று செம்பு நீரால் கால் கழுவியபோதுதான் பேத்தி அலறினாள். பெரியம்மாவின் வலது உள்ளங்காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசளவு கொப்புளம். சிறுவிரலின் பக்கத்தில், குறுகிய செருப்பு உரசிய இடத்தில், தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டும் அவருக்கு வலிக்கவில்லை. அது அருளுமன்று, உறுதியுமன்று, கால்கள் உணர்விழந்திருந்தன.

மூன்றாம் நாள் சுற்றுலா மருத்துவப் பயணமாக மாறியது. கொப்புளத்தைக் குத்தாமல், சுத்தமான துணியால் மூடி, ஊர்காவற்றுறைக்கு விரைந்தோம். ஒரு காலத்தில் வன்னிக் காட்டு யானைகளைக் கப்பலேற்றிய துறை அது. யானையைப் பேணுவோர் அதன் பாதத்தையும் நகத்தையும் கண்ணுங்கருத்துமாய்ப் பார்ப்பர். காலிழந்த யானைக்கு வாழ்வில்லை. நாம் சொந்தக் கால்களுக்கு அந்தக் கவனத்தைக் கூடக் கொடுப்பதில்லை.

அங்கே எங்களைப் பார்த்த மருத்துவர், தங்கூசி போன்ற ஒரு மெல்லிய நைலோன் இழையை எடுத்தார். பெரியம்மாவைக் கண்மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே அது வளையும்வரை தொட்டு, "தெரியுதோ, அம்மா?" என்று கேட்டார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. பல இடங்களில் பெரியம்மாவிடமிருந்து விடை வரவில்லை. அப்பொழுதுதான் அவர் முகம் வாடியது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நீண்டகாலம் சீனி கூடியிருந்தால் கால் நரம்புகள் பழுதடையும். இரத்த ஓட்டமும் குறையும். வலி தெரியாததால் புண் கவனிக்கப்படாது. ஓட்டம் குறைந்ததால் அது ஆறாது. கிருமி தொற்றினால் விரலையோ காலையோ அகற்றவேண்டிய நிலையும் வரலாம். 2018–19 இல் இலங்கையில் நடந்த ஆய்வொன்று வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. ஆகவே இது எங்கள் பெரியம்மாவின் கதை மட்டுமன்று.

1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் தாமே அழுகுவதில்லை, வலியுணர்வு அற்றுப்போனதாலேயே காயம்மேல் காயம் பட்டுச் சிதைகின்றன என்று கண்டறிந்தார். அவர் வலியை ஒரு கொடையாகவே மதித்தார். அந்த அறிவே பின்னர் நீரிழிவுக் கால்களைக் காக்கவும் உதவிற்று.

மருத்துவர் பெரியம்மாவுக்குச் சொன்னவை எல்லாருக்கும் பொருந்துவன. நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கழுவும் நீரின் சூட்டைக் காலால் அன்று, முழங்கையால் அறியவேண்டும். கழுவியபின் விரலிடுக்கை ஈரமின்றித் துடைக்கவேண்டும். குதிக்கால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் பூசலாகாது. நகத்தை நேராக வெட்டவேண்டும், மூலைகளைத் தோண்டக்கூடாது. கால் ஆணியை வீட்டில் சவர அலகால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி மருந்தை ஒட்டுவதும் ஆபத்து. செருப்பையோ சப்பாத்தையோ மாலையில் வாங்கவேண்டும். பகல் முழுதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல், முள் உண்டா என்று பார்க்கவேண்டும். ஆலயத்துக்கு வெயிலேறுமுன் சென்று திரும்பவேண்டும். புகைப்பழக்கத்தை விடவேண்டும். ஆண்டுக்கொருமுறையேனும் கால்களை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

திரும்பும் வழியில் பண்ணைப் பாலத்தில் எங்கள் பேச்சு, போரில் மிதிவெடியால் காலிழந்தோர்பாற் சென்றது. 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் இடந்தருவது. யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் பலரை மீண்டும் நடக்கவைத்திருக்கிறது. அவர்களுக்குத் தம் காலைக் காக்கும் வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. எங்கள் பெரியம்மாவுக்கோ அந்த வாய்ப்பு ஒவ்வோர் இரவும் கிடைக்கிறது.

வெளியே போய் வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வா என்பது நம் வீடுகளின் பழைய கட்டளை. கழுவுதலை நாம் விடவில்லை. கழுவிய காலைக் குனிந்து பார்த்தலை மட்டும் வழக்கமாக்கத் தவறிவிட்டோம். பெரியம்மாவின் புண் சில வாரங்களில் ஆறிற்று. இப்பொழுது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் விளக்கின்கீழ் அமர்ந்து கால் நீட்ட, பேத்தி இரு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அடுத்த ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போகவேண்டும் என்று பெரியம்மா இப்போதே சொல்லிவிட்டார். ஆனால் காலைப் படகிலேயே போகவேண்டுமாம்.