மோன் பிளாங்கைச் சுற்றி

மோன் பிளாங் மலையை ஜெனீவா அறிஞர் சொசூர் 1767-இல் சுற்றி நடந்தார். அதன் சிகரத்தில் மனிதர் கால் பதித்ததோ 1786-இல்தான்.

பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடே செல்லும் இவ்வழி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பத்து நாள் நடை. தொலைவு அச்சுறுத்துவதன்று. ஏற்றங்களைக் கூட்டினாலோ 10,000 மீட்டர் வரும்! ஆகவே ஏற்றத்தைக் கொண்டே நாட்களைப் பகுத்தல் வேண்டும். முதிர்ந்த தந்தை உடன் வருகிறாரெனில் அவர் நடையே குடும்பத்தின் நடை.

மலைக்குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை திறந்திருக்கும். படுக்கைகளைப் பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தாக வேண்டும். ஓரிரவு இடமில்லையெனில் பின்வரும் இரவுகள் யாவும் குலையும். ஆதலால் அருகில் வேறு தங்கிடமில்லாத குடில்களுக்கே முதலில் எழுதுக. இரவுணவும் காலையுணவும் அங்கேயே கிடைக்கும். அடுப்பைச் சுமப்பது வீண். ஜூனில் கணவாய்களில் பனி எஞ்சியிருக்கும். கோடைப் பிற்பகல்களில் இடிமழை வரும். விடியலிற் புறப்படுவோரே நண்பகலுக்குள் கணவாயைக் கடப்பர்.

லே கோந்தமீன் ஊரைக் கடந்ததும் பள்ளத்தாக்கின் முடிவில் பழைய மாதா கோயில் ஒன்றுண்டு. அங்குச் சற்று அமர்ந்து காலணிக் கயிற்றை இறுக்கிக் கொள்வது நலம். போனோம் கணவாய்க்கு இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறவேண்டும்.