வட்டத்தைச் சதுரமாக்கிய ஊர்

கொலம்பஸில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் நம்மவர்கள் ஒஹாயோவின் பழங்கால மண்மேடுகளைப் பார்க்கக் கிளம்பினால், சில்லிகாத்தியில் ஓரிரு இரவு தங்கச் சொல்வேன். காரில் ஒரு மணி நேரம்தானே, காலையில் போய் மாலையில் திரும்பலாமே என்பார்கள். திரும்பலாம். ஆனால் அவசரமாகப் போனால் புல் மூடிய மேடு மட்டும்தான் கண்ணில் படும். அந்த மேட்டை ஊர்க்காரர்கள் என்னென்ன பாடு படுத்தினார்கள் என்பது ஊருக்குள் நடந்தால்தான் தெரியும். எனக்குப் பாதிச் சுவாரசியம் அதில்தான்.

சில்லிகாத்தி ஒஹாயோவின் முதல் தலைநகர். ஊருக்கு வெளியே சயோட்டோ ஆற்றங்கரையில் மவுண்ட் சிட்டி இருக்கிறது. தாழ்வான மண்சுவர் ஒன்று 13 ஏக்கரைச் சுற்றி வளைத்திருக்க, உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட மேடுகள். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், ஹோப்வெல் பண்பாட்டு மக்கள் தங்கள் இறந்தோரை எரித்து, சாம்பல்மேல் மண் குவித்த இடம். வண்டி இல்லை, பொதி சுமக்கும் மிருகம் இல்லை; எல்லாம் கூடையில் சுமந்த மண். ஆனாலும் சுப்பீரியர் ஏரிப் பக்கத்துச் செம்பும், யெல்லோஸ்டோனின் கருங்கண்ணாடிக் கல்லும், தெற்குக் கடலின் சங்கும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

மேடுகள் கொஞ்சம் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதைக் கவனிக்கலாம். 1917இல் முதல் உலகப் போருக்காக இங்கே ஷெர்மன் முகாம் எழுந்தபோது பெரும்பாலானவற்றை மட்டம் தட்டிவிட்டார்கள். நாம் பார்ப்பது போருக்குப் பின் திரும்ப எழுப்பியது. அதற்கு வெகு காலம் முன்பே இவ்வூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஸ்கொயரும் மருத்துவர் டேவிஸும் இந்த மேடுகளை அளந்து வரைந்துவைத்திருந்தார்கள். அவர்களுடைய நூல்தான் 1848இல் வந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் வெளியீடு. அவர்கள் தோண்டியெடுத்த, பறவையும் விலங்குமாகச் செதுக்கிய கல் புகைக்குழாய்களை டேவிஸ் பின்னர் இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார். அவற்றைப் பார்க்க இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

ஒஹாயோவின் மற்ற ஊர்களும் மேடுகளைச் சும்மா விடவில்லை. மரியெட்டாவில் ஒரு மேட்டின்மேல் பொது நூலகம். இன்னொன்றைச் சுற்றி இடுகாடு. அமெரிக்கப் புரட்சிப் போரின் அதிகாரிகள் பலர் அங்கே உறங்குகிறார்கள். இடுகாட்டுக்கு நடுவில் அந்த மேடு தப்பியிருக்கிறது.

நியூஆர்க்கிலும் அப்படித்தான். அங்கே பெரு வட்டம் 1,200 அடி விட்டம். முதலில் பார்த்தபோது நம்மூர் ஏரிக்கரை என்றே தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மாவட்டப் பொருட்காட்சித் திடலானது. சற்றுத் தள்ளி 50 ஏக்கர் எண்கோணம், அதோடு ஒட்டிய ஒரு வட்டம். நிலா வெகு வடக்கே போய் உதிக்கும் திசையை இரண்டின் நடு அச்சும் காட்டுகிறது என்று 1982இல் ஹைவ்லி, ஹார்ன் என்ற இரு பேராசிரியர்கள் எழுதினார்கள். நிலா அந்த எல்லைக்கு வருவது 18.6 ஆண்டுக்கு ஒருமுறை. இத்தனை நுட்பத்தின்மேல் 1910 முதல் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடத்தை மீட்கும் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் தீர்ப்பு வந்தது; 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது; 2025 தொடக்கத்தில் கதவு எல்லோருக்கும் திறந்தது. கோல்ஃப் கிளப்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இத்தனை காலம் புல்லை வெட்டிப் பராமரித்தவர்களும் அந்த ஆட்டக்காரர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சில்லிகாத்தியிலிருந்து கொலம்பஸ் திரும்பும் 23ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது சர்க்கிள்வில். 1810இல் ஊரை அமைத்தவர்கள் வட்ட மண்சுவருக்குள்ளேயே மனை பிரித்தார்கள். நடுவில் எண்கோண நீதிமன்றம், அதைச் சுற்றி வட்டத் தெரு. இந்த ஊர் அஞ்சல் அதிகாரி காலெப் அட்வாட்டர் 1820இல் மேடுகளைப் பற்றி விரிவாக எழுதியபோது, கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த இந்துக்களாக இருக்கலாம் என்றார்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஷானி போன்ற பூர்வகுடிகளை அரசு மேற்கே துரத்திக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய முன்னோருக்கு இவ்வளவு அறிவு இருந்ததென்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க இப்படிப்பட்ட கதைகள் வசதியாக இருந்தன. கட்டியவர்கள் பூர்வகுடிகளின் முன்னோர்தான் என்று 1894இல் ஆய்வாளர் சைரஸ் தாமஸின் அறிக்கை நிறுவியது.

இதற்கிடையில் சர்க்கிள்வில்காரர்களுக்கு வட்டம் சலித்துப்போயிற்று. கோணல்மாணலான மனைகளை யார் வாங்குவார்கள்? 1837இல் மாநிலச் சட்டமன்றத்தில் அனுமதி வாங்கினார்கள். ஊரைச் சதுரமாக்குவதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கி, கால் கால் வட்டமாக நேராக்கி, 1856க்குள் வேலையை முடித்தார்கள். நீதிமன்றமும் போயிற்று, மண்சுவரும் போயிற்று. பெயரை மட்டும் மாற்றவில்லை.

இப்போது அங்கே வட்டமென்றால் பூசணிதான். 1903 முதல் அக்டோபரில் பூசணித் திருவிழா. தண்ணீர்த் தொட்டிக்கே பூசணி வேஷம் போட்டிருக்கிறார்கள். திருவிழா நாட்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மண்மேடு பார்க்க வருபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். பூசணி டோனட் பிடிக்கும் என்றால் அது வேறு விஷயம்.