ஜீரோ பில்லும் கலங்கிய தண்ணீரும்

18 நவம்பர் 2024, திங்கள்

காலை ஒன்பது மணிக்கும் எதிர் பிளாக்கின் மொட்டை மாடி தெரியவில்லை. காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டிவிட்டதாம். 400க்கு மேல் போனாலே கடைசிப் படி. அதற்கப்புறம் எண் எவ்வளவு ஏறினாலும் மருந்துக்கடைக்காரருக்குத்தான் ஆதாயம். பள்ளிக்கூடங்கள் ஆன்லைனுக்குப் போய்விட்டன. கட்டட வேலைகளுக்குத் தடை. எங்கள் அலுவலகம் மட்டும் வழக்கம்போலத் திறந்திருந்தது. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் போகிற வழியெல்லாம் இருமல் சத்தம். யமுனைப் பாலத்தைத் தாண்டும்போது கீழே ஆறு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

இந்தப் புகைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் டெல்லியை ஆளும் ஆம் ஆத்மிக்காரர்கள் முன்பு பஞ்சாப் வயல்களைக் காட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. நெல் அறுத்தபின் தாளைக் கொளுத்துகிறார்கள், காற்று அதை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. 2022இல் பஞ்சாபில் 117க்கு 92 இடம் பிடித்து அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். இப்போது கை ஹரியானா பக்கமும் உத்தரப் பிரதேசத்துப் பக்கமும் திரும்பியிருக்கிறது. காஜிப்பூர் குப்பைமலைக்கும் இதே கதைதான். மாநகராட்சி பாஜகவிடம் இருந்தவரை அது பாஜகவின் மலை. 2022 டிசம்பரில் 250 வார்டுகளில் 134ஐ வென்று மாநகராட்சியையும் ஆம் ஆத்மி பிடித்தது. 2002லேயே நிரம்பிவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மலை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

8 டிசம்பர் 2024, ஞாயிறு

விடியற்காலையில் மோட்டார் போட எழுந்தால் குழாயில் மஞ்சள் தண்ணீர், சாக்கடை வாடையோடு. கிழக்கு டெல்லிக்கு வருவது பெரும்பாலும் கங்கை நீர். உத்தரப் பிரதேசத்து முராத்நகரிலிருந்து குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே சுத்தமாகித்தான் கிளம்புகிறது. எங்கள் தெருவுக்கு வருவதற்குள் எங்கோ ஒரு பழைய குழாய் விரிசல் விட்டு, பக்கத்துச் சாக்கடையோடு உறவாடிவிடுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத் தோண்ட வேண்டும். தோண்ட வேண்டுமென்றால் சாலை இன்னொரு துறையுடையது. அந்தத் துறையில் கேட்டால் முதலில் தண்ணீர்க்காரர்கள் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு புகார் எண். சில நாளில் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. தண்ணீருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணம் கிடையாது என்று கீழ்வீட்டு ஆன்ட்டி நினைவூட்டினார். “ஆமாம் ஆன்ட்டி, சாக்கடைக்கும் சேர்த்துத்தான் கட்டணமில்லை” என்றேன். சிரித்துவிட்டு அவரும் கேன் தண்ணீருக்கு போன் போட்டார்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு மஞ்சள்கொத்து தேடிப் போனால் சந்தை வாசலில் எல்லாக் கட்சிக்காரர்களும் நிற்கிறார்கள். பெண்களுக்கு மாதம் 2,100 ரூபாய் என்று ஆம் ஆத்மி சொல்ல, 2,500 என்கிறது காங்கிரஸ். கரும்பு விலைக்குக்கூட இங்கே இப்படிப் பேரம் நடக்கவில்லை.

துடைப்பத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஒருவர் வந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். 2013 டிசம்பர் 28. முதல்வராகப் பதவியேற்க அர்விந்த் கேஜ்ரிவால் கௌஷாம்பியிலிருந்து மெட்ரோவில் ஏறி வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் டிவி முன்னால் நின்றோம். கழுத்தில் மஃப்ளர், கூடவே அந்த இருமல். எங்களைப் போலத்தான் இருந்தார். அதைவிட முக்கியமாக, எங்களைப் போலவே பேசினார்: மின்கட்டணம், தண்ணீர் லாரி, ரேஷன் கடை, லஞ்சம். வீட்டுச் செலவுக் கணக்கை அரசியல் மேடையில் படித்துக் காட்டிய தலைவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 2015இல் 70க்கு 67 கொடுத்தோம்.

கொடுத்த சில வாரங்களிலேயே கட்சிக்குள் கேள்வி கேட்ட பிரசாந்த் பூஷணும் யோகேந்திர யாதவும் வெளியேற்றப்பட்டார்கள். கட்சியின் உள் லோக்பாலாக இருந்த அட்மிரல் ராம்தாஸும் மாற்றப்பட்டார். நாட்டுக்கே லோக்பால் வேண்டுமென்று ராம்லீலா மைதானத்தில் உட்கார்ந்த இயக்கத்தில் பிறந்த கட்சி இது. எனக்கு உறுத்தல் தொடங்கியது அங்கேதான், பங்களாவில் அல்ல. பங்களா விவகாரம் பிறகு வந்தது. 2014இல் பகவான் தாஸ் சாலையில் ஒதுக்கிய இரட்டை வீட்டை விமர்சனம் வந்ததும் வேண்டாமென்றவர், பின்னாளில் 6, ஃப்ளாக்ஸ்டாஃப் சாலை வீட்டைக் கோடிக்கணக்கில் புதுப்பிக்கும்வரை போனார். அவர்மீதான மதுக்கொள்கை வழக்கைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. போன செப்டம்பரில் அவர் முதல்வர் பதவியை ராஜினாமா செய்தபோது அந்த இடத்துக்கு வந்த ஆதிஷி, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, பரதன் பாதுகையை வைத்து ஆண்டதுபோல என்றார். இராமன் நாற்காலியைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனதாக எந்த இராமாயணத்திலும் நான் படிக்கவில்லை.

30 ஜனவரி 2025, வியாழன்

ஹரியானா அரசு யமுனையில் விஷம் கலக்கிறது என்று கேஜ்ரிவால் சொன்னதுதான் ஊரெல்லாம் பேச்சு. தேர்தல் ஆணையம் ஆதாரம் கேட்டிருக்கிறது. ஹரியானா முதல்வர் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். குளிர்காலத்தில் யமுனையில் அம்மோனியா ஏறுவதும், வஜீராபாத் சுத்திகரிப்பு நிலையம் திணறுவதும் உண்மை. ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் விழுவதால் வருஷாவருஷம் வருகிற தொல்லை அது. அதைத் தொல்லை என்று சொன்னால் தீர்வு கேட்பார்கள். சதி என்று சொன்னால் கைதட்டுவார்கள்.

இந்த வாரமே அவர் இன்னொன்றும் சொன்னார். யமுனையைச் சுத்தம் செய்வது, 24 மணி நேரக் குடிநீர், ஐரோப்பியத் தரத்தில் சாலைகள் ஆகிய மூன்று வாக்குறுதிகளையும் நிறைவேற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். விஷத்தைப் பற்றிய பேச்சில் இது அமுங்கிப் போயிற்று. எனக்கென்னவோ, பழைய கேஜ்ரிவால் கொஞ்ச நேரம் வந்து போனது இந்த இடத்தில்தான்.

5 பிப்ரவரி 2025, புதன்

ஓட்டுப் போட வரிசையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் காலையிலேயே போட்டுவிட்டு வந்து மையைக் காட்டினாள். யாருக்கு என்று கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

“தீதி, எனக்கு கரன்ட் பில் ஜீரோ. பஸ்ஸில் பிங்க் டிக்கெட். என் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் மொஹல்லா க்ளினிக்கில் காசு கேட்பதில்லை. உங்களுக்கு அவர் என்ன செய்யவில்லை என்று சொல்லுங்கள்.”

மாதம் 200 யூனிட் வரை இலவசம் 2019 ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 29 முதல் பெண்களுக்குப் பேருந்து இலவசம். அவள் கையில் மிஞ்சிய பணம் நிஜப் பணம். நான் பேசுவது கேன் தண்ணீர் வாங்க வசதியுள்ளவளின் ஏமாற்றம்தானோ என்று தோன்றியது. பிறகு கேட்டேன், உங்கள் தெருவில் தண்ணீர் எப்படி? “அதை ஏன் கேட்கிறீர்கள்” என்று துணி துவைக்கப் போய்விட்டாள்.

8 பிப்ரவரி 2025, சனி

பாஜக 48, ஆம் ஆத்மி 22. 2013இல் அன்றைய முதல்வர் ஷீலா தீட்சித்தை 25,000க்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்த அதே புது டெல்லித் தொகுதியில் கேஜ்ரிவால் 4,089 வாக்கில் தோற்றார். ஷீலாவின் மகன் சந்தீப் தீட்சித் அதைவிட அதிகமாகவே வாக்கு வாங்கியிருக்கிறார். மொத்த வாக்கில் இரு கட்சிக்கும் வித்தியாசம் இரண்டு சதவீதம் மாதிரிதான். ஊர் அவரை வெறுத்துத் துரத்தியதாக எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

என் கணவர் டிவியை அணைக்காமல், “மத்திய அரசு அவரை வேலை செய்யவே விடலியே” என்றார். அதுவும் பொய்யில்லை. அதிகாரிகள் மேல் டெல்லி அரசுக்கே கட்டுப்பாடு என்று 2023 மே 11இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டே நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு அதை மாற்றியது. கையைக் கட்டிப் போட்டார்கள்தான். ஆனால் பிரசாந்த் பூஷணை அனுப்பியது மத்திய அரசு இல்லையே. உன் குழாய் உடைந்திருக்கிறது என்று தலைவரிடம் சொல்லக் கட்சிக்குள் ஆள் வேண்டும். கணக்குக் கேட்டு மேலே வந்தவர், தன்னிடம் கணக்குக் கேட்கக்கூடியவர்களை ஒவ்வொருவராக இழந்தார். அதற்கப்புறம் அவரிடம் போய்ச் சேர்ந்தது கைதட்டல் மட்டும்தான். என் வருத்தம் அவர் தோற்றதில் இல்லை. இந்த ஒரு காரியத்தில் அவரும் மற்றவர்களைப் போல ஆனதில்.

2 மார்ச் 2025, ஞாயிறு

புது ஆட்சி வந்தாயிற்று, ரேகா குப்தா முதல்வர். தண்ணீர் புகாரை எடுத்துக்கொண்டு பிளாக்கிலிருந்து நாலைந்து பேர் போனோம். “பத்து வருஷம் கெடுத்து வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள்” என்று பதில் வந்தது. கைகாட்டும் திசை மாறியிருக்கிறது, பதில் மாறவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் தெருக் குழாய் எந்த வருஷம் பதித்தது? அதை மாற்ற டெண்டர் விட்டார்களா, எப்போது? தண்ணீர் மாதிரி கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தார்கள், சோதனை முடிவு என்ன? புகார் தீர்ந்ததாகக் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி என்ன?

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அவரைத் திட்டிண்டே அவர் வித்தையைப் பண்றியே” என்றார். சுந்தர் நகரி குடிசைப் பகுதியில் பரிவர்த்தன் அமைப்பை வைத்துக்கொண்டு சாலை ஒப்பந்தக் கணக்குகளைக் கேஜ்ரிவால் கேட்க வைத்ததும், அதற்காக 2006இல் மகசேசே விருது வாங்கியதும் உண்மைதான். ஆனால் வித்தை அவருடையது மட்டுமில்லை. ராஜஸ்தானில் அருணா ராயோடு சேர்ந்து கூலிக் கணக்குக் கேட்ட கிராமத்து ஜனங்களிடமிருந்து வந்தது. அவர் கொஞ்ச காலம் அதை நன்றாகச் செய்தார், பிறகு விட்டுவிட்டார். அவர் விட்டதற்காக நாங்களும் விட வேண்டுமா?

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை விண்ணப்பத்தோடு பின் பண்ணி வைத்தாயிற்று. நாளை பதிவுத் தபாலில் போகும். ஆட்சி யாருடையதானாலும் பதில் சொல்ல 30 நாள்தான் கெடு.