மகன் வீட்டு பீரும் அப்பாவோட கலயமும்

ஆடி, ஆவணி ரெண்டு மாசமும் இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. அமெரிக்காவுல, ஒஹாயோ மாநிலத்துல கொலம்பஸ் நகரத்துல இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். புரட்டாசி விதைப்புக்குள்ள திரும்பிடணும்னு சொல்லித்தான் கெளம்பினேன்.

போன மறுநாளே கீழ்த்தளத்து அறைக்குக் கூட்டிட்டுப் போனான். பெரிய எவர்சில்வர் பானை, வாளி, ரப்பர் குழாய், கண்ணாடிக் குழல்னு சாமான் கிடந்துச்சு. "வீட்டுல பீர் காய்ச்சப் போறேன்பா. நானும் இப்பதான் கத்துக்கிறேன்"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "போலீஸ் வராதால?"ன்னு கேட்டேன். சிரிச்சான். 1978-ல ஜிம்மி கார்ட்டர் அதிபரா இருந்தப்பவே அதுக்குச் சட்டம் போட்டாச்சாம். ரெண்டு பெரியவங்க இருக்கிற வீட்டுல வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் காய்ச்சிக்கலாம். விக்க மட்டும் கூடாது.

நான் பெருசா குடிக்கிறவன் இல்லை. ஆனா பனங்காட்டுல பொறந்தவன். "புளிக்க வைக்கிறது எனக்குத் தெரியாததா? உங்க தாத்தா பனையேறி"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டேன்.

வேலை எனக்குப் புரியிற வேலைதான். பார்லியை முளைகட்டிக் காயவச்சு உடைச்சது நாலரைக் கிலோ. நாம பிள்ளைகளுக்குக் கேப்பையை முளைகட்டி மாவாக்குற மாதிரிதான். அதை 67 டிகிரி சுடுதண்ணியில ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். தானியத்துல உள்ள மாவுச்சத்து சர்க்கரையா மாறிடும். சூடு ரொம்ப ஏறிட்டா மாறாது. வடிகட்டின சாறு பதநீர் மாதிரி இனிக்குது! அப்புறம் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ்ங்கிற கொடியோட பூவைப் போடுறாங்க. கசப்பும் வாசமும் அதுலதான் வருது, கெட்டுப்போகாமலும் கொஞ்சம் காக்குது. பிறகு வேகமா ஆறவச்சு, 11 கிராம் ஈஸ்ட் தூவி மூடியாச்சு. மொத்தம் 19 லிட்டர். மூடியில ஒரு சின்னக் குமிழ், அதுல கொஞ்சம் தண்ணி. உள்ள உண்டாகுற வாயு அது வழியா வெளிய போகும், வெளிக்காத்து உள்ள வராது.

அவன் அதிகமா பாடுபட்டது சுத்தத்துலதான். கழுவினதையே மறுபடி ஒரு மருந்துத் தண்ணியில முக்குவான். கரண்டி, குழாய், மூடி எதையும் விடமாட்டான். "இதுக்கு இம்புட்டு ஆட்டமால?"ன்னு கேலி பண்ணினேன்.

மறுநாளே குமிழ் 'பொளக் பொளக்'குன்னு சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. எனக்குத் தூக்கம் வராத ராத்திரியில கீழ போயி கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். நாலாம் நாள் சத்தம் நின்னுபோச்சு. மகன் ஆபீஸ்ல இருந்தான். ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். மூடியைத் திறந்து, அடுப்படியில கிடந்த மரக்கரண்டியால ஒரு கலக்கு கலக்கி, விரலால தொட்டு நக்கியும் பாத்தேன். இட்லி மாவைப் பாக்கிற மாதிரி.

ரெண்டு வாரம் கழிச்சு அவன் திறந்தப்ப மேல வெள்ளையா ஆடை படிஞ்சிருந்துச்சு. நாள்பட்ட மோர் நாத்தம். நான் செஞ்சதைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசலை. வாளியைத் தூக்கிட்டுப் போயி கொட்டிட்டு வந்தான். சத்தம் குறைஞ்சா ஈஸ்ட் சாகலை, முதல் வேகம் அடங்கியிருக்குன்னு மட்டும் அப்புறமா சொன்னான். திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி அப்பா நினைப்பு வந்துச்சு. பாளையில இருந்து சொட்டுற சாறு மத்தியானத்துக்குள்ள தானாவே பொங்கிக் கள்ளாயிடும். அது பதநீராவே இருக்கணும்னா கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவணும். குறைஞ்சா புளிக்கும், கூடினா வாய்ல வைக்க முடியாது. அப்பாவுக்கு அளவுகோல் அவரோட விரல்தான். தினமும் ஒவ்வொரு கலயமா கழுவி, வெயில்ல கவுத்தி வச்சிருப்பாரு. நாங்க தொட்டா அடி விழும். அந்த அடிக்கு அர்த்தம் எனக்கு இந்த வயசுல, அந்த ஊர்லதான் விளங்குச்சு.

1987-ல கள்ளுக்குத் தடை வந்த பிறகு அப்பா பதநீர் மட்டும்தான் இறக்கினாரு. அப்படியும் ஒரு நாள் சுண்ணாம்பு கம்மியா இருக்குன்னு சொல்லி ஏழு கலயத்தைப் போலீஸ்காரங்க உடைச்சாங்க. ஓட்டாஞ்சில்லை அவர் பொறுக்கினதைப் பாத்தேன். அதுக்கப்புறம் என்னை மரம் ஏற விடலை. "மண்ணை வெட்டிப் பொழைச்சுக்கோ"ன்னுட்டாரு. ஆக, புளிப்பைப் பத்தித் தெரிஞ்சவரு அவருதான். நான் அவரு பேரைச் சொல்லிப் பெருமையடிச்சவன்.

ரெண்டாவது தடவை கழுவுற வேலையை நானே கேட்டு வாங்கினேன். திறக்கலை, கலக்கலை. கண்ணாடிக் குழல்ல அடர்த்தி 1.048-ல ஆரம்பிச்சு 1.010-க்கு இறங்குச்சு. மூணு நாள் அந்த எண் அசையாம நின்ன பிறகுதான் பாட்டில்ல அடைச்சோம். அவசரப்பட்டா பாட்டில் வெடிச்சுடுமாம். நுரைக்காக மொத்தத்துக்கும் 110 கிராம் சர்க்கரை. இன்னும் ரெண்டு வாரம்.

நான் கெளம்புறதுக்கு முந்தின நாள் முதல் பாட்டிலைத் திறந்தான். கசப்பு, பின்னால லேசா கருக்கின ரொட்டி வாசம். "தாத்தா குடிச்சா என்ன சொல்லுவாரு?"ன்னு கேட்டான். "கழுவினது யாருன்னு கேப்பாரு"ன்னேன்.

இதைப் படிச்சுட்டு யாரும் இங்க முயற்சி பண்ணிடாதீங்க. நம்ம ஊர்ல வீட்டுல காய்ச்சினா குத்தம். நம்ம வரப்புல பதினொரு பனை நிக்குது. ஏற ஆளில்லை. ஊர் திரும்பினதும் பரண்ல கிடந்த அப்பாவோட கலயம் ஒண்ணை எடுத்துக் கழுவி வெயில்ல கவுத்தி வச்சிருக்கேன்.

மழை தலைகாட்டுது. அடுத்த பதிவுல உளுந்து விதைப்பு பத்தி எழுதுறேன்.