கிணற்று நீரும் விஞ்ஞானக் கல்வியும்

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், பத்தாம் பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கிய செய்தி பரவியதும் நண்பர்கள் நகைத்தனர். "இனி டொக்டருக்குப் படிக்கப் போறியளோ?" என்று சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒருவர் கேட்டார். கேலி கேலியாகவே இருக்கட்டும். ஆனால் அதன் பின்னே ஒரு கருத்து மறைந்து நிற்கிறது. விஞ்ஞானம் வைத்தியரும் பொறியியலாளரும் ஆகப்போகிறவர்களின் சொத்து, ஏனையோர்க்கு அது வேண்டுவதில்லை என்பதே அக்கருத்து. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

1990களில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் கீழ் எழுத்துக் கற்றவர்கள் நாம். சிறிதளவு மண்ணெண்ணெயும் ஒரு திரியுமே அவ்விளக்கு. எண்ணெய் திரி வழியே மேலேறுவது எவ்வாறென்று எவரும் எமக்குக் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. பின்னர் க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சித்தியெய்தினோம். கலைப்பிரிவில் சேர்ந்த அன்றே அப்புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

அதன் விலையைச் சுன்னாகம் எமக்கு உணர்த்திற்று. அவ்வட்டாரக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்று 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஊரெங்கும் பேச்சாயிருந்தது. ஓர் அறிக்கை மாசு உண்டென்றது. மற்றொன்று அஞ்ச வேண்டியதில்லை என்றது. 2019 இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அறிக்கைகள் மோதிய அந்நாட்களில் நாமும் அவற்றை வாசிக்க முயன்றோம். சங்கப் பாடலுக்கு உரை சொல்லவல்ல எமக்கு, "ஒரு லீற்றரில் இத்தனை மில்லிகிராம்" என்பதன் பொருள் விளங்கவில்லை. நாம் அருந்தும் நீரைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசிக்கவியலாத கல்வி, பட்டம் பெற்ற கல்வியாயினும், குறைபட்ட கல்வியே அன்றோ!

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்களும் பாடநூல்களும் தமிழில் இலவசமாய்க் கிடைத்தன. நாம் இரவில் அங்கே மாணவரானோம். அயல்வீட்டுச் சிறுமியொருத்தியும் அதே பாடங்களைப் படித்தாள். அவள் தாய் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் நடுபவர். அவ்வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைத்தொலைபேசி. டேற்றா முடிந்தால் பாடமும் முடிந்தது. ஆகவே அவள் மாலைதோறும் எமது திண்ணைக்கு வந்தாள். ஆசிரியரும் மாணவியுமாக அன்றி, இரு மாணவராக அமர்ந்தோம்.

பாடத்தின் தமிழ் எமக்குத் தடையாயிருக்கவில்லை. அயலூரான மானிப்பாயில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரசாயன நூலொன்று 'கெமிஸ்தம்' என்னும் பெயரில் 1875 இல் தமிழில் வெளிவந்தது. விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் வினாவுக்கு எமது அயலிலேயே விடை கிடைத்துவிட்டது. சொல் வந்துவிட்டது, பொருள் கைக்கு வரவில்லை என்பதே எமது குறை.

திரையில் எவரோ ஒருவர் குழாயில் நீரூற்றிச் சவர்க்காரம் இட்டுக் குலுக்கினார். "ரீச்சர், அதிலை நுரை வரேல்லை. எங்கடை கிணத்துத் தண்ணியிலும் வராதோ?" என்று சிறுமி கேட்டாள். திரையிலிருந்தவர் விடை சொல்லவில்லை. அவருக்கு அவள் குரல் கேளாது. நாம் எழுந்து மூன்று போத்தல்களை எடுத்தோம். ஒன்றில் மழைநீர், ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் காய்ச்சி ஆறவைத்து வடித்த கிணற்று நீர். ஒரே அளவு சவர்க்காரம். மழைநீர் கழுத்துவரை நுரைத்தது. கிணற்று நீர் கலங்கித் திரைந்தது. காய்ச்சியது அதனினும் சற்றுக் கூடுதலாய் நுரைத்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சுண்ணக்கல்லை அரிக்கிறது; அவ்வாறு கரைந்த கல்லே எமது கேத்தலின் அடியில் வெண்படிவாய்க் கிடக்கிறது. வன்னீர் என்னும் சொல்லை அன்று கையால் தொட்டோம்.

"அப்ப காய்ச்சினால் எல்லாம் போகுமோ?" என்றாள். அவள் தமக்கையின் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது அந்நீரிலேதான். நாம் மீண்டும் புத்தகத்தைத் திறந்தோம். போகாது. தோட்டத்துக்கு இடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் நீர் வற்ற, அதன் செறிவு கூடும். குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணக் கிணறுகளில் அதன் மிகுதியை ஆய்வாளர் 1980களிலேயே எழுதிவைத்தனர். எமது வீடுகளுக்கோ அச்செய்தி வந்துசேரவில்லை.

பயணத்தடை தளர்ந்ததும் அவ்வீட்டு நீரை ஆய்வுகூடமொன்றுக்குக் கொண்டு சென்றோம். முடிவுத்தாளைத் தாய் எம்மிடம் நீட்டினார். நாம் அதனைச் சிறுமியிடம் கொடுத்தோம். அவள் விரலை வைத்து வாசித்தாள். எண் 50ஐத் தாண்டியிருந்தது. "அம்மா, இந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால் கரைக்கக் கூடாது" என்றாள். தாய் பல கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் எம்மைப் பாராமலே விடை சொன்னாள். அன்றிலிருந்து குழந்தைக்கு வேறு நீர் வருகிறது. ஆனால் கிணறு அவ்வாறே இருக்கிறது; அதனை ஒரு வீடு தனித்துத் திருத்தவியலாது.

2022 மே மாதத்தில் அவள் பரீட்சை எழுதினாள். சித்தியெய்தினாள் என்பதோடு இக்கதை முடிந்துவிடவில்லை. ஒரு திண்ணையும் மூன்று போத்தல்களும் இருந்தமையால் ஒரு வீடு அறிந்தது. அவ்வாய்ப்பற்ற வீடுகள் எத்தனை! இலவசக் கல்வி 1945 இல் எமக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. ஆய்வுகூடத்தின் கதவும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கலைப்பிரிவுக்குச் செல்லும் பிள்ளைக்கும், திறக்க வேண்டும். திரை அதற்குத் துணையாகலாம், ஈடாகாது. ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் அவ்வூர் மாணவரே அளந்து, கணக்கைச் சந்தியில் எழுதிவைக்கும் நாள் வரவேண்டும்.

சந்தியில் எம்மைக் கேலி செய்த நண்பர் சென்ற வாரம் ஒரு போத்தலில் தமது கிணற்று நீருடன் வந்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.