பண்ணையும் ஆயமும்

தொல்காப்பியர் உரியியலில் விளையாட்டு என்னும் பொருள் தரும் சொற்களுள் ஒன்றாகப் 'பண்ணை' என்பதைச் சுட்டுகிறார். மகளிர் கூடி விளையாடும் கூட்டத்திற்கும் அச்சொல் பெயராக வழங்கியது. வயலுக்கும் அதுவே பெயர். காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இச்சொல் நெல்லையும் நிலத்தையும் நினைவூட்டுமேயன்றி ஆட்டத்தை நினைவூட்டுவதில்லை. 'ஆயம்' என்னும் சொல்லும் இத்தகையதே. தலைவியோடு ஆடிக் களிக்கும் தோழியர் கூட்டம் ஆயம் எனப்படும். சூதில் வரும் ஊதியமும் ஆயமே. சூது என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அப்பொருளில் அதனை ஆள்கிறார். இவற்றை வகுப்பில் பலமுறை விளக்கியுள்ளோம். எனினும் இணையத்தில் ஆட்டக் குழு ஒன்று பிறந்து வளர்ந்ததை அருகிருந்து கண்ட பின்னரே, ஒரே சொல்லுக்குள் உறையும் அவ்விரு பொருள்களும் எத்துணை அண்மையில் உள்ளன என்பது நமக்கு விளங்கிற்று.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. திருவையாறு, தில்லைஸ்தானம், கண்டியூர், நடுக்காவேரி ஆகிய ஊர்களைச் சேர்ந்த நம் மாணவர் ஐந்தாறு பேர், கைப்பேசி வழியே பாடம் கேட்டு அலுத்த மாலைப் பொழுதுகளில் லிசெஸ் என்னும் இணையத் தளத்தில் சதுரங்கம் ஆடத் தொடங்கினர். பள்ளிப் பருவம் முதலே நமக்கு அவ்வாட்டத்தில் ஈடுபாடு உண்டென்பதை அவர்கள் அறிவர். "ஐயா, எங்களுக்குள் வழக்கு வந்தால் தீர்த்து வைக்க ஒருவர் வேண்டும்" என்று அழைத்தனர், இசைந்தோம். ஞாயிறுதோறும் அஸர்த் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடிப்பது என்று நேரம் வகுத்தோம். அவ்வாண்டு மேட்டூர் அணை குறித்த நாளாகிய ஜூன் 12இல் திறக்கப்பட்டது. நடவு தொடங்கிய பின் பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் மாலையில் சேற்றைக் கழுவிக்கொண்டு ஆட வந்தனர்.

இணையத்தில் கூடி ஆடுவது அன்று பிறந்த புதுமையன்று. 1992 ஜனவரியிலேயே இன்டர்நெட் செஸ் சர்வர் என்னும் அமைப்பு இயங்கத் தொடங்கிவிட்டது. தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த அது, 1995இல் கட்டணம் கேட்கும் நிறுவனமாக மாறியது. அதனை ஏற்காதோர் சிலர் பிரிந்து, கட்டணமற்ற மற்றோர் அமைப்பை அதே ஆண்டில் நிறுவினர். 2010இல் பிரான்சில் தோன்றிய லிசெஸ், விளம்பரமோ கட்டணமோ இன்றி நன்கொடையாலும் தன்னார்வலராலும் இன்றளவும் நடைபெறுகிறது. பணம் எங்கே நுழையலாம், எங்கே நுழையலாகாது என்னும் வினா இத்தகைய குழுக்களின் தொட்டிலிலேயே இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

இணையத்திற்கு முன்னும் குழுக்கள் இருந்தன. 1972இல் சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில், மானுவேல் ஆரோனின் முயற்சியால் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. ஆட இடமும், படிக்க நூலும், திருத்த ஒரு மூத்தவரும் அங்கே இருந்தனர். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் அது. நம் வட்டாரத்திலும் இவ்வாட்டத்தின் நினைவு பழையது. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் கோயில் கொண்ட இறைவனின் பெயரே சதுரங்க வல்லபநாதர். அரபு நாட்டிலோ ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-அத்லி என்பார் இவ்வாட்டத்திற்கு நூல் எழுதினார். இவ்விரு செய்திகளையும் நம் மாணவரிடம் கூறியபோது, எல்லாச் சமயத்தாரும் அமர்ந்திருந்த அக்குழுவில் ஒவ்வொருவரும் ஆட்டம் தம்முடையதே என்று பெருமை கொண்டனர்.

குழு ஓராண்டில் நாற்பது பேரைத் தொட்டது. ஆள் சேரச் சேர விதிகளும் தேவைப்பட்டன. புதிதாகக் கற்பவர் தொடர்ந்து தோற்றால் மூன்றாம் வாரம் வரமாட்டார். ஆதலின் தரப்புள்ளி நெருங்கியவர்களையே எதிரெதிரே அமர்த்தினோம். வென்றவர் தோற்றவருக்கு எந்த நகர்வில் பிழை நேர்ந்தது என்று காட்டிய பின்னரே விடைபெற வேண்டும் என்பதும் விதியாயிற்று. மாணவியர் சேர விரும்பியபோது பெற்றோர் தயங்கினர். அத்தயக்கம் நியாயமானது. புனைபெயரில் ஆடுவது, எவரும் எவருடைய தொலைபேசி எண்ணையும் கேட்கலாகாது, பேச்செல்லாம் பொதுவிலேயே நிகழவேண்டும் என்று முடிவு செய்தோம். அதன்பின் எட்டு மாணவியர் சேர்ந்தனர். அவர்களுள் இருவர் விரைவிலேயே நம்மையும் வென்றனர்.

கணினி நிரலின் துணையைத் திருட்டுத்தனமாகப் பெற்று ஆடுவது இவ்வாட்டத்தின் பெருநோய். அதனைத் தளத்தின் கண்காணிப்பு ஓரளவு பிடிக்கும்; முழுதும் பிடிக்க இயலாது. எஞ்சியதை மானம் ஒன்றே காக்கும். மின்வெட்டாலோ அலைவரிசைக் குறையாலோ ஆட்டம் அறுபட்டால், வெற்றியைக் கோராமல் மறுபடி ஆடுவது என்பது மாணவர் தாமே வகுத்த விதி. 2020 ஆகஸ்டு 30இல் நடந்த இணைய ஒலிம்பியாட் இறுதியாட்டத்தில் இந்திய வீரர் சிலரின் இணைப்பு அறுபட்டது. முறையீட்டின் பின் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாகத் தங்கம் பெற்றன. உலகச் சம்மேளனம் நம் திருவையாற்று விதியைப் பின்பற்றிவிட்டதாக மாணவர் நகைத்து மகிழ்ந்தனர்.

2021 இறுதியில் சோதனை வந்தது. ஆளுக்கு ஐம்பது ரூபாய் கட்டி ஆடுவோம், முதல்வருக்கு மொத்தமும் சேரட்டும் என்றனர் சிலர். "இது அறிவாட்டம்தானே ஐயா, சூதாகுமா?" என்று அவர்கள் கேட்டது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்குத் தமிழக அரசு விதித்த தடையை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் நீக்கியிருந்தது. அறிவாட்டம் என்னும் வாதமே அவ்வழக்கிலும் முன்னின்றது. சதுரங்கம் ஆகுமா ஆகாதா என்பதில் நம் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பணயம் வைத்தால் ஆகாது என்பதிலும், தொழுகையை மறக்கச் செய்தால் ஆகாது என்பதிலும் வேறுபாடில்லை. அல்-மாயிதா அத்தியாயம் சூதை மதுவோடு சேர்த்து விலக்குகிறது. மார்க்கம் சாராத மாணவருக்கு வேறொன்று கூறினோம்: "ஐம்பது ரூபாய் இடையில் வந்தால், தோற்றவனுக்குப் பிழையைக் காட்டித் தருவீர்களா? இணைப்பு அறுந்தவனுக்கு மறு ஆட்டம் தருவீர்களா?" நெடுநேரம் எவரும் விடை கூறவில்லை. வாக்கெடுப்பில் பணயம் தோற்றது. பதினொருவர் பிரிந்து சென்றனர்.

அவர்களுள் ஒருவர் பின்னர்ச் சீட்டாட்டச் செயலி ஒன்றில் விழுந்தார். தேர்வுக் கட்டணத்திற்கெனத் தந்தை ஒதுக்கி வைத்த குறுவை நெல்லின் பணம் ஒரே இரவில் கரைந்தது. ஒரு ஞாயிறு மாலை அவர் பெயர் மீண்டும் நம் குழுவில் தோன்றியது. முன்பு அவரிடம் பலமுறை தோற்ற முதலாண்டு மாணவர் ஒருவர், "வாங்கண்ணே, நான் கறுப்பு" என்று மட்டும் எழுதி ஆட்டத்தைத் தொடங்கினார். கட்டணத்தை நண்பர் சிலர் சேர்ந்து கட்டினர் என்பது பின்னர் நமக்குத் தெரியவந்தது. பணயம் வைத்தாடும் கூட்டத்தில் இழந்தவனுக்கு இத்தகைய இருக்கை கிடைத்திருக்காது.

அதன்பின் சட்டங்களும் வந்தன. இணையச் சூதைத் தடை செய்யும் தமிழகச் சட்டம் 2022 அக்டோபரில் பேரவையில் நிறைவேறி, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அறிவாட்டமாயினும் வாய்ப்பாட்டமாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்நோக்கும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் நடுவண் சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. மின்விளையாட்டுப் போட்டிகளை அது ஊக்குவிக்கிறது. சட்டம் வேலி, பயிரை வளர்ப்பது உழவனின் கையே.

மாணவச் செல்வங்களே! ஆட்டக் குழு தொடங்க விழைவீராயின் சிலரோடு தொடங்குங்கள். நாளும் நேரமும் வரையறுத்துக்கொள்ளுங்கள். தோற்பவர் மீண்டும் வரும்படி ஆடுங்கள். பணத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்துங்கள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், பிள்ளை என்ன ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான் என்று ஒரு மாலைப் பொழுது அருகில் அமர்ந்து பாருங்கள். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக வாகையராகிய குகேஷ் பிறந்த மண் இது. எல்லாரும் குகேஷ் ஆகப்போவதில்லை. ஆயினும் நேர்மையாகத் தோற்கவும், தோற்றவரைக் கைவிடாதிருக்கவும் கற்ற தலைமுறை ஒன்று நம் கல்லூரிகளிலிருந்து வெளிவரவேண்டும் என்பதே நம் அவா.