மைனஸ் என் வந்த வழி

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கான யாமல் கோப்பில் ஓர் எழுத்து பிசகினாலும், கமிட் போட்டு, புஷ் செய்து, சர்வர் சிவப்பு காட்டும்வரை காத்திருப்பதே பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்தக் கோப்பிலுள்ள வொர்க்ஃப்ளோவை நம் டெர்மினலிலேயே ஓட்டிப் பார்க்க ‘ஆக்ட்’ இருக்கிறது. டாக்கர் கன்டெய்னரை எழுப்பி, ஒவ்வொரு ஸ்டெப்பையும் அதற்குள் நடத்தும். ‘ஆக்ட் மைனஸ் என்’ என்று அடித்தால் கன்டெய்னரே எழாது. வொர்க்ஃப்ளோ சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். ஓட்டாமலே ஓட்டிப் பார்க்கும் இந்த வழி யாருக்கு முதலில் தோன்றியது? தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் ஆக்ட்டின் ரீட்மீயிலேயே கிடைத்தது. மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி கம்பைல் செய்யவைக்கும் ‘மேக்’ கருவி மீதுள்ள பிரியத்தை அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். மேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1976, அமெரிக்காவின் பெல் லேப்ஸ். அங்கே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் விதியைச் சபித்தபடி நுழைகிறார். பிழையைத் திருத்தியாயிற்று, திருத்திய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யவில்லை. சரியான புரோகிராமில் இல்லாத பிழையைத் தேடி அவருடைய காலைப்பொழுது போய்விட்டது. முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் இதே அவதி. அந்த வார இறுதியில் பிறந்ததுதான் மேக். அதைப் பற்றி அவர் 1978-இல் எழுதிய கட்டுரையைத் திறந்தால், ஆப்ஷன்களின் வரிசையில் மைனஸ் என் இருக்கிறது: கட்டளைகளைக் காட்டும், நிறைவேற்றாது.

அடுத்து, ஓட்டாமலே பிழை பிடிக்கும் இன்னொரு கருவியான ஆக்‌ஷன்லின்ட்டின் வேரைத் தேடினேன். ‘உபுண்டு லேட்டஸ்ட்’ என்பதில் எழுத்து மாறியிருந்தால், எந்த வரி, எத்தனையாவது எழுத்து என்று சுட்டிக்காட்டும் கருவி அது. அதன் மூதாதை ‘லின்ட்’. சி புரோகிராம்களில் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்ட அதே பெல் லேப்ஸில் எழுதப்பட்டது. எழுதியவர் யார் என்று பார்த்தால், ஃபெல்ட்மன் அறைக்குள் நுழைந்த அதே ஜான்சன்! ஒரு மனிதரின் வீணான காலைப்பொழுதை இத்தனை பேர் இன்றும் நன்றியோடு நினைக்கலாம்.

ஆக்ட், ஆக்‌ஷன்லின்ட் இரண்டும் தேவைதான். பைதான் வெர்ஷனை மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், யாமல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 ஆக்கிவிடும். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஓட்டும்போதுதான் நாம் கேட்காத வெர்ஷனைத் தேடுவது தெரியும். அதேசமயம், ஆக்ட் பயன்படுத்தும் டாக்கர் இமேஜும் கிட்ஹப்பின் ரன்னரும் ஒன்றல்ல. கிட்ஹப்பில் சேமித்த சீக்ரெட்டுகளும் தாமாக நம் கணினிக்கு வந்துவிடாது. ஆகவே கடைசித் தீர்ப்பு சர்வருடையதே.

ஆனால் அற்பப் பிழைகளுக்குக்கூட அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் ஆக்‌ஷன்லின்ட், பிறகு ஆக்ட், அதற்குப் பிறகு புஷ் செய்யுங்கள்.